அறுபது சீட்டுகளும் ஐந்து நிலங்களும்

கடதாசி விளையாட்டுக்கு எங்கள் ஊரில் இரண்டு முகங்கள் உண்டு. செத்தவீட்டு இரவிலும் திருவிழா இரவிலும் விடியும்வரை கண்விழித்திருப்பதற்காக நாலு பேர் பாயில் அமர்ந்து 304 ஆடுவார்களே, அது ஒரு முகம். காசு வைத்து ஆடி, நகையை அடகு வைத்து, கடைசியில் காணி உறுதியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது மற்றைய முகம். முதல் முகத்தோடு எனக்கு நாற்பது வருடப் பழக்கம். இரண்டாவதை அயல் வீடுகளில் கண்டிருக்கிறேன். இவை இரண்டிலும் சேராத ஒன்றை 2023 ஜனவரியில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், தங்கையின் வீட்டு நிலவறையில் சந்தித்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இரண்டு மாதங்கள் தங்குவதாக ஏற்பாடு. போய் இறங்கிய மூன்றாம் நாள் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கை மெதுவாகக் கதையைத் தொடங்கினாள்.

“அண்ணா, இவனுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தாலை வந்தால் உந்தக் காட்ஸோடைதான். போன முறை கணக்கிலை புள்ளியும் குறைஞ்சு போச்சு. இவர் ஒரு நாளைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையிலை போடப் போறன் எண்டு நிக்கிறார். தகப்பனும் மகனும் கதைச்சு ஒரு மாசம்.”

பதினான்கு வயதுப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் எதிலாவது மூழ்கிப்போகிறவர்கள்தாமே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டேன். தங்கை குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்குத் தெரியாது அண்ணா. இவற்றை அப்பா காட்ஸிலை தோட்டக் காணியை ஈடு வைச்சவர். பிறகு மீட்கேல்லை. வீட்டிலை காட்ஸ் எண்ட சொல்லே இவருக்கு ஆகாது.”

மைத்துனர் 1996இல் கனடாவுக்கு வந்தவர். வந்த நாள் முதல் உணவகச் சமையலறையிலும், பின்னர் தொழிற்சாலையிலும், சில காலம் இரண்டிலும் வேலை செய்தவர். அதிகாலை நான்கரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் மாலை மங்கிய பிறகே திரும்புவார். அதிகம் பேசாத மனிதர். அவரது கோபத்துக்குப் பின்னால் ஒரு தோட்டக் காணி இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

மருமகனைக் கண்டிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தித் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மறுதரப்பைக் கேட்காமல் எதையும் எழுதக்கூடாது, தீர்ப்பும் சொல்லக்கூடாது. ஆகவே நிலவறைக்கு இறங்கிப்போய், “தம்பி, உது என்ன விளையாட்டு? எனக்கும் சொல்லித் தா” என்றேன். அவன் சந்தேகத்தோடு பார்த்தான். அவனுக்குத் தமிழ் விளங்கும்; பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இந்தக் கட்டுரையில் அவன் பேசுவதாக வருவனவற்றில் பெரும்பகுதி என் மொழிபெயர்ப்பே.

விளையாட்டின் பெயர் மஜிக் த கதறிங். றிச்சார்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வுசெய்துகொண்டிருந்த காலத்தில் அவர் வேறொரு பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு பீற்றர் அட்கிசன் என்ற வெளியீட்டாளரிடம் போனார். அதை அச்சிடச் செலவு அதிகம், எங்கும் கொண்டுபோய்ச் சிறிது நேரத்தில் ஆடி முடிக்கக்கூடியதாக ஒன்று செய்து தாருங்கள் என்று அட்கிசன் கேட்டாராம். அப்படிப் பிறந்து 1993இல் வெளியானது இது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைச் சேகரித்து, மாற்றிக்கொண்டு, தாமே ஒரு கட்டை அமைத்து ஆடும் இந்த வகை விளையாட்டுக்கு வழிகாட்டி இதுவே. போக்கிமொன், யூ-கி-ஓ முதலிய சீட்டுகள் இதன் பின்னால் வந்தவை.

304 ஆடத் தெரிந்தவர்களுக்கு இதன் புதுமை உடனே விளங்கும். எங்கள் ஆட்டத்தில் 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நான்கு நிறத்துக்கும் சேர்த்து 304. அந்த 32 சீட்டுகளும் எல்லோருக்கும் பொது. எவருக்கு எது விழுந்தது என்பதில் தொடங்குகிறது ஆட்டம். மஜிக்கில் அப்படியல்ல. நீங்கள் உங்கள் கட்டை வீட்டிலிருந்து கொண்டுவருகிறீர்கள். எதிராளி தனதைக் கொண்டுவருகிறார். பல்லாயிரம் சீட்டுகள் இதுவரை வெளிவந்திருக்கின்றன. அவற்றுள் எவற்றைக் கட்டில் வைத்தீர்கள் என்பதில் பாதி ஆட்டம் முன்னதாகவே நடந்து முடிந்துவிடுகிறது.

அமைப்பு விதிகள் சில. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர வேறெந்தச் சீட்டும் நான்கு பிரதிக்கு மேல் இருக்கக்கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு சீட்டுகள். ஒவ்வொருவருக்கும் இருபது உயிர்ப்புள்ளிகள். தன் முறை வரும்போது ஒரு நிலத்தை மேசையில் வைக்கலாம். நிலம் ‘மானா’ என்ற சக்தியைத் தரும். சீட்டைக் குறுக்காகத் திருப்பினால் அந்தச் சக்தியைச் செலவழித்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தச் சக்தியைக் கொண்டு விலங்குகளையும் வீரர்களையும் மந்திரங்களையும் களத்தில் இறக்கி, எதிராளியின் இருபதைப் பூச்சியமாக்க வேண்டும்.

சீட்டு எடுக்கும் அடுக்குக்கு நூலகம் என்று பெயர். கழிந்துபோன சீட்டுகளின் குவியலுக்கு மயானம் என்று பெயர். நூலகம் முடிந்துபோய், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கச் சீட்டில்லாதவர் தோற்றவர். 1981இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து போனவனுக்கு இந்த விதியைக் கேட்டதும் சற்று நேரம் பேச்சு வரவில்லை. மருமகனுக்கு அது ஏன் என்று புரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன்.

சூதாட்டக் கேள்வியையும் நேராகவே கேட்டேன். அவன் மறைக்கவில்லை. ஆரம்ப காலத்து விதிகளில் பந்தயம் இருந்ததாம். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பந்தயமாக எடுத்து வைக்க, வென்றவர் இரண்டையும் கொண்டுபோகலாம். அந்த வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் என் கண்ணுக்கு வேறொன்று பட்டது. சீட்டுகள் மூடிய பொதிகளில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே வாங்க வேண்டும். அரிய சீட்டு ஒன்று வந்துவிடுமோ என்ற ஆசையில் அடுத்த பொதியையும் கிழிக்கத் தோன்றும். பிறந்தநாளுக்குக் கிடைத்த காசு முழுவதும் அவனுக்கு அப்படித்தான் போயிருந்தது. மைத்துனரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல என்று எனக்குப் பட்டது. அதை அவனிடம் சொன்னேன். இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நான் இருக்கும் இரண்டு மாதமும் மூடிய பொதி வாங்குவதில்லை. பெட்டியில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கொண்டு கட்டமைப்பது. மிகத் தேவையானால் தனிச் சீட்டாக, சில சதங்களுக்குக் கிடைப்பதை மட்டும் வாங்குவது. கணக்குப் பாடம் முடிந்த பின்னரே பெட்டி திறப்பது. இவற்றையெல்லாம் அவன் ஏற்றுக்கொண்டான். தனக்கு ஒரு எதிராளி கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியே காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கான கட்டை நானே அமைக்க வேண்டும் என்றான். பெட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இருந்தன. இரண்டு மாலைகள் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓவியங்கள் என்னை மயக்கின. வெண்சிறகு விரித்த செரா ஏஞ்சல் என்ற தேவதையை எடுத்து வைத்தேன். கரடி, சிலந்தி, ஒற்றை மானாவுக்குக் களமிறங்கும் லானோவார் எல்வ்ஸ், மூன்று புள்ளி சேதம் செய்யும் லைட்னிங் போல்ட் என்ற மின்னல் எல்லாவற்றையும் சேர்த்தேன். எல்லா நிறத்திலும் எனக்குப் பிடித்தது இருந்தது. எண்ணிப் பார்த்தபோது 83.

“மாமா, அறுபது” என்றான்.

“அறுபதுக்குக் குறையக்கூடாது எண்டுதானே விதி? கூடலாம்தானே?”

“கூடலாம். விளையாடிப் பாருங்கோ.” இதை அவன் தமிழிலேயே சொன்னான்.

விளையாடிப் பார்த்தேன். பதினொரு ஆட்டங்கள் ஆடிப் பதினொன்றிலும் தோற்றேன். தேவதை கைக்கு வந்தபோது அதற்கு வேண்டிய நிலம் வரவில்லை. நிலம் வந்தபோது மின்னல் வரவில்லை. ஐந்து நிறங்களும் ஐந்து பக்கம் இழுத்தன.

பிறகு அவன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். அறுபது சீட்டில் நான்கு பிரதி உள்ள ஒரு சீட்டு முதல் ஏழில் ஒன்றாவது வருவதற்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. எண்பத்துமூன்றாக்கினால் அது முப்பதாகக் குறைந்துவிடும். அறுபதில் இருபத்துநான்கு நிலங்கள் வைத்தால் முதல் ஏழில் சராசரியாக ஏறத்தாழ மூன்று நிலம் கிடைக்கும். அதுவே ஆட்டத்தைத் தொடங்கப் போதுமானது. கணக்கில் புள்ளி குறைந்த பிள்ளை என்று சொல்லப்பட்டவன் சேர்மானக் கணக்கைத் தரையில் படுத்துக்கொண்டு போடுவதைப் பார்த்தேன். மறுநாள் தங்கையிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவள் அதை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள்.

இருபத்துமூன்று சீட்டுகளை வெட்ட வேண்டும். வெட்டுவது எனக்குப் புதிய தொழிலல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பத்திரிகைத் தாளுக்குத் தடை இருந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நான் தொழில் பழகியதும் அந்தக் காலத்தில்தான். நாலு பக்கம் எழுதிக்கொண்டுபோனால் இரண்டு பத்திக்குத்தான் இடம் என்று செய்தி ஆசிரியர் திருப்பித் தருவார். எது மோசமான வசனம் என்று தேடிக்கொண்டிருக்கக்கூடாது, மோசமானதை எவனும் வெட்டுவான், நல்லது என்று நினைத்து எழுதியதில் எது செய்திக்குத் தேவையில்லை என்று பார் என்பார். முப்பது வருடம் கழித்து அதே வேலையை நிலவறைத் தரையில் செய்தேன். முதலில் தேவதை போனது. அவளுக்காக ஒரு நிறத்தையே சுமக்க வேண்டியிருந்தது. பிறகு மின்னல். இரண்டு நிறங்கள் மிஞ்சின: பச்சையும் கறுப்பும். பச்சையில் விலங்குகள் பெரியவை, புதியவனுக்கு இலகு என்பதால் பச்சை. பெட்டியில் மிகுதியாகக் கிடந்தது கறுப்பு என்பதால் கறுப்பு.

கறுப்பில் எனக்குப் பிடித்த சீட்டு ஒன்று உண்டு. கிரேவ்டிகர் என்று பெயர், குழி வெட்டுபவன். அவன் களத்துக்கு வரும்போது மயானத்திலிருந்து ஒருவரை மீண்டும் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். நான்கு பிரதிகளை வைத்துக்கொண்டேன்.

அறுபதோடு ஆடிய முதல் நாளில் ஐந்தில் இரண்டு வென்றேன். மூன்றாம் கிழமையளவில் அவனை உண்மையாகவே யோசிக்க வைத்தேன்.

நிலச் சீட்டுகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் மேசையைத் துடைத்துவிட்டு, ஐந்து அடிப்படை நிலங்களையும் அவன் வரிசையாக வைத்தான். மலை, காடு, சமவெளி, தீவு, சதுப்பு நிலம். மலையிலிருந்து சிவப்பும் காட்டிலிருந்து பச்சையும் சமவெளியிலிருந்து வெள்ளையும் தீவிலிருந்து நீலமும் சதுப்பிலிருந்து கறுப்பும் பிறக்கும். நிலத்தின் தன்மை எதுவோ அதுவே அங்கிருந்து வருகிறவர்களின் தன்மை. கலைப்பீடத்தில் தமிழ் படித்தவன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? “தம்பி, இது எங்கடை ஐந்திணை” என்றேன்.

கார்பீல்ட் தொல்காப்பியம் படித்தார் என்று சொல்ல வரவில்லை. நிலத்தைப் பார்த்து வாழ்ந்த மனிதர்கள் எங்கும் நிலத்தை வகுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணம் எனக்கு ஒரு வாசல் கிடைத்தது. மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல்வெளி மருதம், கடற்கரை நெய்தல் என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூவோ மரமோ, ஒரு பொழுது, ஒரு உணர்வு உண்டென்றேன். முல்லைக்கு மாலைப்பொழுது, காத்திருத்தல். மருதத்துக்கு விடியல், கணவன் மனைவி ஊடல். நெய்தலுக்கு எற்பாடு, இரங்கல். குறிஞ்சியின் உணர்வு என்ன என்று கேட்டான். “சந்தித்தல்” என்று மாமனின் மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தேன்.

“சதுப்பு நிலம்?” என்றான்.

அதுதான் பொருந்தவில்லை. எஞ்சியிருப்பது பாலை. பாலைக்குத் தனக்கென்று ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுக் காய்ந்துபோனால் அது பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நண்பகல் வெயில், வறண்ட வழி, பிரிவு. அதைச் சொன்னேன்.

“அப்படியென்றால் அது ஒரு இடமில்லை. இருந்த இடம் கெட்டுப்போவது.”

“ஓம்.”

“அங்கே என்ன நடக்கும்?”

“ஒருவர் புறப்பட்டுப் போவார். மற்றவர் வீட்டிலை இருப்பார்.”

அவன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, நாங்களே நிலச் சீட்டுகளை வரைந்தால் என்ன என்று கேட்டான். வீட்டில் ஆடுவதற்கு அப்படிச் செய்துகொள்பவர்கள் உண்டாம். சீட்டளவில் தாளில் வரைந்து, பிரதி எடுத்து, உறைக்குள் உண்மையான சீட்டின் முன்னால் செருகினால் போதும். என் கட்டுக்குப் பன்னிரண்டு காடு, பன்னிரண்டு சதுப்பு நிலம். அவற்றைப் பன்னிரண்டு முல்லையாகவும் பன்னிரண்டு பாலையாகவும் மாற்றுவதென்று முடிவாயிற்று. முல்லைக்கு நான் உதவினேன். முல்லைக்கொடி, மாடு, தூரத்தில் மழை மேகம். ‘முல்லை’ என்று தமிழில் எழுதப் பழகுவதற்கு அவனுக்கு ஒரு மாலை பிடித்தது. பாலையைத் தானே வரையப் போவதாகச் சொன்னான். நான் பார்க்கக்கூடாது என்றும் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் காட்டினான். வெயிலையும் கள்ளிச்செடியையும் எதிர்பார்த்திருந்தேன். அவன் வரைந்திருந்தது பனி. இலையில்லா மரங்கள், வெளிச்சம் குறைந்த தெரு, ஒரு பேருந்துத் தரிப்பிடம். அங்கே கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு மனிதர் கையில் சாப்பாட்டுப் பையுடன் நிற்கிறார். முகம் தெரியவில்லை. கீழே, எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, ‘பாலை’ என்று எழுதியிருந்தான்.

மாசி மாதத்து ஸ்காபரோவில் ஒன்றும் முளைக்காது என்பது உண்மைதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்த விளையாட்டுக்கெனக் கூடும் கடையொன்றுக்கு ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனான். முப்பது பேரளவில் இருந்தார்கள். நரைத்த தலை என்னுடையது மட்டுமே. ஆட்டத்தை மேற்பார்வை செய்த இளைஞர் என் கட்டைப் பார்த்துவிட்டு, வரைந்த சீட்டுகளுடன் இங்கே ஆட முடியாது என்று பணிவாகச் சொன்னார். உள்ளே ஒரு தாள் கூடுதலாக இருந்தால் தடிப்பைக் கொண்டு எது நிலம் என்று விரலால் அறிந்துவிடலாம் அல்லவா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மின்சாரமில்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் 304 ஆடிய கட்டில் ஒரு ஒன்பது தொலைந்துபோயிற்று. சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டிப் புதியது செய்தோம். அதன் பிறகு அந்த ஒன்பது யார் கையில் இருக்கிறதென்பது ஊருக்கே தெரியும். நியாயம் என்று சொல்லி, இருவரும் சுவரோரமாக அமர்ந்து இருபத்துநான்கு தாள்களையும் உருவி எடுத்தோம். மூன்று சுற்றில் ஒன்றில் வென்றேன். வென்றது, பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி நிலம் வராமல் திணறியதால். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னிடம் கை குலுக்கினாள்.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மேல்தளத்தில் சாப்பாட்டு மேசையில் ஆடுவோம் என்று வேண்டுமென்றே சொன்னேன். மருமகன் தயங்கினான். மைத்துனர் அன்று வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். செய்தி பார்ப்பவர் போல் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார். நாங்கள் தாள்களை மீண்டும் உறைகளில் செருகி ஆடத் தொடங்கினோம்.

இரண்டாவது ஆட்டத்தின்போது அவர் எழுந்து தண்ணீர் எடுக்க வந்தார். குவளையுடன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் கரடியை இறக்கினேன். மருமகன் தடுத்தான். குழி வெட்டுபவனைக் கொண்டு கரடியை மயானத்திலிருந்து மீட்டேன்.

“இதிலை துரும்பு எது மச்சான்?” என்று கேட்டார்.

அவர் 304 ஆடக்கூடியவர் என்பதே எனக்குத் தெரியாது. துரும்பில்லை என்றேன். “துரும்பில்லாமல் என்ன ஆட்டம்” என்று முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை. என் முன்னால் வரிசையாகக் கிடந்த நிலச் சீட்டுகளில் ஒன்றைக் குனிந்து எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“இது ஆர் கீறினது?”

“நான்” என்றான் மருமகன்.

“இது ஆர்?”

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, “நீங்கள்” என்றான். “யன்னலாலை தெரியும்.”

விடியற்காலை நான்கரைக்குத் தகப்பன் இறங்கிப் போவதை இவன் எத்தனை நாள் யன்னலில் நின்று பார்த்திருக்கிறானோ, தெரியாது. மைத்துனருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தங்கை சமையலறைக் கதவில் கரண்டியோடு நின்றாள்.

“என்ரை கோட்டு கறுப்பில்லை” என்றார் மைத்துனர். “நீலம்.”

“இது கறுப்பு நிலம், அப்பா. கறுப்பாகத்தான் இருக்க வேணும்.”

“நீலம்” என்றார் அவர் மறுபடியும். சீட்டை எடுத்த இடத்திலேயே கவனமாக வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அந்த ஆட்டம் முடியும்வரை அமர்ந்திருந்தார். நான் தோற்றேன். “மச்சான், அந்தப் பெரிய சிலந்தியை முதலே விட்டிருக்க வேணும்” என்று எனக்குப் புத்தி சொன்னார்.

இதனால் தகப்பனும் மகனும் அன்றிலிருந்து தோழர்களாகிவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். அவர் இன்றுவரை அந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. மூடிய பொதி வாங்குவதில்லை என்ற உடன்பாடு மட்டும் என்னோடு முடிந்துபோகாமல் அவருடையதாகத் தொடர்ந்தது. அதைச் சரி என்றே நானும் நினைக்கிறேன். பெட்டி குப்பைக்குப் போகவில்லை. இருவரும் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்று தங்கை சொன்னாள். அதிகமில்லை, பேசிக்கொள்கிறார்கள்.

என் கட்டைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே எனக்கு எதிராளி இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசிக் கமராவை மேசையை நோக்கித் திருப்பி வைத்து அவனோடு ஆடுகிறேன். அவனுக்கு அப்போது காலை, எனக்கு இரவு. பின்னணியில் தொலைக்காட்சிச் செய்தி கேட்கும். சில சமயம், “கொம்மான் வெல்லுறாரோ?” என்று மைத்துனரின் குரலும் கேட்கும்.

கடந்த முறை ஆடியபோது அவன் தனக்கும் ஐந்திணை நிலங்கள் செய்திருப்பதைக் கவனித்தேன். பாலைச் சீட்டைக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். அதே தெரு, அதே பனி, அதே தரிப்பிடம். எழுத்து இப்போது திருந்தியிருக்கிறது. கோட்டுக்கு நீலம் தீட்டியிருந்தான்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், என்னிடம் இருப்பது இருக்கட்டும் என்றேன். பிறகு அவன் மலையொன்றைக் குறுக்காகத் திருப்பி மின்னலை என் கரடி மேல் போட்டான்.